பத்தில் ஒரு வினாடி

ஓட்டப்பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்தவருக்கும் நான்காவதாக வந்தவருக்கும் இடையே சில வேளைகளில் பத்தில் ஒரு வினாடிதான் வேறுபாடு இருக்கும். கண்ணை ஒருமுறை இமைத்துத் திறப்பதற்குள் அதைவிட அதிக நேரம் கழிந்துவிடுகிறது. அவ்வளவு சிறிய நேரத்தை எப்படி அளக்கிறார்கள்? அந்த அளவை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்விகளை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவன் ஒரு பள்ளி மாணவன். அவன் கதையிலிருந்தே தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஓர் ஊர்ப் பள்ளியில் அவன் பத்தாம் வகுப்பு படித்து வந்தான். ஆனி மாதக் கடைசியில் நடந்த பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்தை 11.2 வினாடியில் ஓடி முடித்தான். பள்ளியின் பழைய சாதனையை முறியடித்துவிட்டான் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உள்ள சாதனைப் பலகையில் அவன் பெயரை வெள்ளைச் சாயத்தால் எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய போட்டி. அங்கே அவனுக்குக் கிடைத்த நேரம் 11.6 வினாடி. ஐந்தாவது இடம்.

அவனுடைய அண்ணன் எங்கள் கல்லூரியில் படித்தவர். அவருடன் ஒரு மாலை என் வீட்டிற்கு வந்த பையன், "சார், ரெண்டே வாரத்துல நான் எப்படி சார் இவ்வளவு மெதுவாப் போனேன்? இனிமே ஓட வேண்டாம்னு இருக்கேன்" என்றான். அவன் குரலில் அழுகை இருந்தது.

"தம்பி, முதலில் ஓடியது நீயா, கடிகாரமா என்று பார்ப்போம்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதல்ல அது. ஓட்டத்தின் நேரம் என்பதும் ஆய்வுக்கூடத்தில் நாம் எடுக்கும் அளவுகளைப் போன்ற ஓர் அளவீடுதான். எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. பிழை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால்தான் இரண்டு அளவுகளை ஒப்பிட முடியும்.

நேரம் பார்த்துக் கப்பலேறியவர்கள்

இந்த ஒப்பிடும் பழக்கத்திலிருந்துதான் நம் நாட்டின் ஒலிம்பிக் வரலாறே தொடங்குகிறது. 1919 இல் பூனாவில் டெக்கான் ஜிம்கானா நடத்திய பந்தயங்களைத் தொழிலதிபர் சர் தொராப்ஜி டாட்டா பார்த்தார். கிராமத்து இளைஞர்கள் தக்க பயிற்சியின்றி வெறுங்காலோடு ஓடினார்கள். ஆயினும் அவர்களுடைய நேரங்கள் ஐரோப்பிய வீரர்களின் நேரங்களோடு ஒப்பிடத்தக்கவையாக இருந்ததைக் கண்டு அவர் வியந்தார். அந்த வியப்பின் பயனாக 1920 இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக்கிற்கு ஒரு சிறு இந்தியக் குழு சென்றது.

அடுத்த ஒலிம்பிக்கிற்கு நாடு முழுவதிலுமிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்காக 1924 பிப்ரவரியில் டில்லியில் இந்திய ஒலிம்பிக் பந்தயங்கள் நடத்தப்பட்டன. இதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரன் இந்த முயற்சியின் செயலாளராக உழைத்தார். 1920 இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய எச்.சி. பக், பாரிசுக்குச் சென்ற குழுவை வழிநடத்தினார். அந்தக் குழுவில் தடை தாண்டி ஓடும் 110 மீட்டர் பந்தயத்திற்குச் சென்ற சி.கே. லட்சுமணன் சென்னை மாகாணத்தவர். பின்னாளில் இந்திய அரசின் சுகாதாரத் துறையில் தலைமை இயக்குநராக உயர்ந்தவர் அவர்.

1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பந்தயங்கள் ஒவ்வொரு நகரில் நடைபெற்றன. 1932 இல் சென்னை, 1936 இல் லாகூர், 1938 இல் கல்கத்தா, 1940 இல் பம்பாய் என்று அவை இடம் மாறிச் சென்றன. பம்பாயில் இவற்றிற்கு "தேசிய விளையாட்டுப் போட்டிகள்" என்று பெயர் மாற்றினார்கள்.

இவை அமெச்சூர் போட்டிகள். அதாவது ஓடுவதற்காகப் பணம் பெறுபவர் யாரும் கலந்துகொள்ளக்கூடாது. பின்லாந்தின் புகழ்பெற்ற ஓட்டவீரர் பாவோ நூர்மி, பயணச் செலவுக்கு மேல் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டால் 1932 ஒலிம்பிக்கில் ஓட முடியாமல் தடுக்கப்பட்டார். அவ்வளவு கடுமையான விதி அது. பணம் கிடையாது என்றால் வென்றவனுக்குக் கிடைப்பது என்ன? ஒரு பதக்கம், ஓர் எண். அந்த எண் தவறாக இருந்தால் அவன் உழைப்பே தவறாகப் பதிவாகிவிடும். ஒருவன் கப்பலேறுவதும் ஊர் திரும்புவதும் கடிகாரம் பிடித்தவரின் கட்டைவிரலில் இருந்தது.

கடிகாரத்தின் துடிப்பு

அக்காலத்து நிறுத்துக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால், முன்னும் பின்னும் ஆடும் ஒரு சிறு சக்கரத்தைக் காணலாம். சாதாரணக் கடிகாரங்களில் இந்தச் சக்கரம் ஒரு வினாடியில் ஐந்து முறை "டிக்" என்று அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் முள் ஒரு படி நகரும். எனவே அந்தக் கடிகாரம் ஐந்தில் ஒரு வினாடியை, அதாவது 0.2 வினாடியைத்தான் காட்ட முடியும். அதற்கும் குறைவான நேரத்தைப் பற்றி அது வாய் திறக்காது. பழைய பதிவுகளில் "10 4/5 வினாடி" என்று பின்னமாக எழுதியிருப்பதன் காரணம் இதுவே. வினாடிக்குப் பத்து முறை அடிக்கும் உயர்ந்த கடிகாரங்கள் வந்த பிறகுதான் 0.1 வினாடி வரை படிக்க முடிந்தது.

ஒருவர் கையை மட்டும் நம்பக்கூடாது என்பதால் முதல் இடத்திற்கு மூன்று பேர் கடிகாரம் பிடிப்பார்கள். மூவரில் இருவர் ஒரே நேரத்தைக் காட்டினால் அதுவே முடிவு. மூன்றும் வெவ்வேறாக இருந்தால் நடுவில் உள்ளது எடுத்துக்கொள்ளப்படும். சராசரி எடுக்காமல் நடு எண்ணை ஏன் எடுக்கிறார்கள்? ஒருவர் பெரிய தவறு செய்துவிட்டால் சராசரி அவர் பக்கம் சாய்ந்துவிடும். நடு எண் அப்படிச் சாயாது. உங்கள் ஆய்வுக்கூடத்திலும் இது நினைவில் இருக்கட்டும்.

ஒலி வந்து சேரும் நேரம்

இப்போது நம் மாணவனிடம் திரும்புவோம். "உங்கள் பள்ளியில் ஓட்டத்தை எப்படித் தொடங்கினார்கள்?" என்று கேட்டேன். "விசில் ஊதினார்கள் சார்" என்றான். "கடிகாரம் பிடித்தவர்?" "முடிவுக்கோட்டில் நின்றார். விசில் சத்தம் கேட்டதும் அமுக்கினார்."

பாதி விடை கிடைத்துவிட்டது. காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரி செல்சியசில் வினாடிக்கு சுமார் 331 மீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். நம் நெல்லைச் சீமையின் 32 டிகிரி வெயிலில் அது ஏறத்தாழ 350 மீட்டர் ஆகும். 100 மீட்டரைக் கடக்க விசில் ஒலிக்கு 100 ÷ 350, அதாவது சுமார் 0.29 வினாடி வேண்டும். பையன்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் கடிகாரக்காரரின் காதுக்கு விசில் எட்டுகிறது! கேட்ட பிறகு அவர் விரல் அசைய இன்னும் 0.2 வினாடி போகும். ஆனால் ஓட்டத்தின் முடிவில் இந்தத் தாமதம் இல்லை. ஓடிவருபவனைக் கண் முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருப்பதால், கோட்டைத் தொடும் கணத்திலேயே விரல் அமுக்கிவிடும். ஆகவே கடிகாரம் உண்மையான நேரத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி குறைத்துக் காட்டும்.

பாளையங்கோட்டைப் போட்டியில் இரண்டு பலகைகளைச் சேர்த்துத் தட்டும் கிளாப்பரைப் பயன்படுத்தினார்கள். கடிகாரம் பிடித்தவர்கள் சத்தத்திற்குக் காத்திராமல் பலகைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்து அமுக்கினார்கள். பெரிய போட்டிகளில் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அமுக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகவே. ஒளி 100 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியின் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். எனவே அங்கே 0.29 வினாடிப் பிழை மறைந்துவிட்டது. விரலின் 0.2 வினாடித் தாமதம் மட்டுமே மிஞ்சியது.

நம் மாணவன் முழு வேகத்தில் ஓடும்போது 0.29 வினாடியில் இரண்டரை மீட்டருக்கு மேல் கடந்துவிடுவான். பள்ளியில் அவனுக்கு அந்த இரண்டரை மீட்டர் இனாமாகக் கிடைத்தது!

சாரல் காற்றின் உதவி

ஆயினும் இரு நேரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.4 வினாடி அல்லவா? மீதி 0.11 எங்கே போயிற்று? "உங்கள் மைதானத்தில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடினாய்?" என்று கேட்டேன். "மேற்கேயிருந்து கிழக்கே" என்றான்.

நெல்லை மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைக் கடந்து கிழக்கு நோக்கி வீசும். குற்றாலத்தில் சாரலாக விழுவதும், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே பருவக்காற்றுதான். பையனின் முதுகில் அது கை வைத்துத் தள்ளியிருக்கிறது.

காற்றின் தடை, ஓடுபவனுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள ஒப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒருவன் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். காற்று அசையாதிருந்தால் தடை 10 × 10 = 100 பங்கு. பின்னாலிருந்து 2 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் ஒப்பு வேகம் 8. தடை 64 பங்கு. எதிரே 2 மீட்டர் வேகத்தில் வீசினால் ஒப்பு வேகம் 12. தடை 144 பங்கு. அதாவது பின்காற்றால் கிடைக்கும் இலாபம் 36, எதிர்க்காற்றால் வரும் நஷ்டம் 44. இரண்டும் சரிக்குச் சரியல்ல என்பதைக் கவனியுங்கள். ஓடுபவனின் உழைப்பில் ஒரு சிறு பகுதியே காற்றை எதிர்க்கச் செலவாவதால், 2 மீட்டர் பின்காற்று 100 மீட்டர் ஓட்டத்தில் சுமார் 0.1 வினாடி மிச்சப்படுத்துகிறது. நம் கணக்கில் விடுபட்ட தொகை ஏறத்தாழ இதுவே.

சர்வதேச அமெச்சூர் தடகள சம்மேளனம் 1936 இல் ஒரு விதி செய்தது. பின்காற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த நேரத்தைச் சாதனையாக ஏற்கமாட்டார்கள். இன்றும் அந்த விதி நடப்பில் உள்ளது. சம்மேளனத்தின் பெயரிலிருந்த "அமெச்சூர்" என்ற சொல்தான் 2001 இல் நீங்கியது.

பெரிய பிழையும் சிறிய பிழையும்

"அப்படியானால் எங்கள் மைதானத்தை அளந்த நாடாவும் தவறாக இருக்கலாமே?" என்றான் பையன். நல்ல கேள்வி. எஃகு நாடா வெயிலில் நீளும். 100 மீட்டர் எஃகு 20 டிகிரி சூடேறினால் 2.4 சென்டிமீட்டர் நீளும். அதைக் கடக்க ஓட்டக்காரனுக்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு போதும். இது கைக்கடிகாரத்தில் தெரியவே தெரியாது. எல்லாப் பிழைகளையும் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. எது பெரிது, எது சிறிது என்று கணக்கிட்டுப் பெரியதை முதலில் பிடிக்க வேண்டும்.

கணக்கிடாமல் விட்டால் மிகப் பெரிய பிழையும் கண்ணில் படாது. சென்னையில் இந்திய ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த அதே 1932 இல் லாஸ் ஏஞ்சல்சில் உலக ஒலிம்பிக் நடந்தது. அங்கே 3000 மீட்டர் தடை ஓட்டத்தில் சுற்றுகளை எண்ணியவர் கவனம் தவறியதால் வீரர்கள் ஒரு சுற்று அதிகமாக ஓடினார்கள். 3000 மீட்டர் ஓட்டம் சுமார் 3460 மீட்டராகிவிட்டது! வென்ற பின்லாந்து வீரர் ஐசோ ஹோலோவின் நேரம் 10 நிமிடம் 33.4 வினாடி என்று பதிவாகியுள்ளது. அந்த நேரத்தை வேறு எந்த 3000 மீட்டர் ஓட்டத்தோடும் ஒப்பிட முடியாது.

அதே ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்காவின் எடி டோலனுக்கும் ரால்ஃப் மெட்காஃபுக்கும் கைக்கடிகாரம் ஒரே நேரத்தைத் தந்தது: 10.3 வினாடி. முடிவுக்கோட்டையும் நேரத்தையும் ஒரே படச்சுருளில் பதியும் காமிரா ஒன்று அங்கே இருந்தது. படச்சுருளைப் பார்த்த பின்னரே டோலன் முதலிடம் என முடிவாயிற்று. படத்தின்படி இருவரது நேரமும் 10.38 வினாடி. மனிதக் கண்ணுக்கும் விரலுக்கும் எல்லை உண்டு என்பதை உலகம் அன்று கண்டது.

மில்கா சிங்கின் இரண்டு நேரங்கள்

இன்று துப்பாக்கி வெடித்ததும் மின் கடிகாரம் தானே ஓடத் தொடங்குகிறது. முடிவில் காமிரா நேரத்தைப் பதிகிறது. 1977 முதல் 400 மீட்டர் வரையுள்ள ஓட்டங்களுக்கு இத்தகைய தானியங்கி நேரத்தை மட்டுமே உலக சாதனையாக ஏற்கிறார்கள். கைக்கடிகார நேரத்தை இதனோடு ஒப்பிட வேண்டுமானால் 100 மீட்டருக்கு 0.24 வினாடியும், 400 மீட்டருக்கு 0.14 வினாடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். 400 மீட்டரில் ஓட்டம் தொடங்குமிடம் முடிவுக்கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால் பிழை குறைவு.

1960 ரோம் ஒலிம்பிக்கில் மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். கைக்கடிகாரம் காட்டிய நேரம் 45.6 வினாடி, தானியங்கிக் கருவி காட்டியது 45.73. வேறுபாடு 0.13. மேலே சொன்ன 0.14 உடன் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! 1998 இல் பரம்ஜித் சிங் தானியங்கி நேரப்படி 45.70 வினாடியில் ஓடினார். மில்கா சிங்கின் சாதனை முறியடிக்கப்பட்டதா இல்லையா? 45.6 உடன் ஒப்பிட்டால் இல்லை, 45.73 உடன் ஒப்பிட்டால் உண்டு. ஒரே கருவி வகையால் எடுத்த அளவுகளையே ஒப்பிட வேண்டும் என்பதால் பரம்ஜித் சிங்கே முந்தினார் என்பதுதான் சரி.

பலகையில் இல்லாத சாதனை

கணக்கெல்லாம் முடிந்ததும் பையனின் முகம் மலர்ந்தது. "அப்போ நான் மெதுவாகலையே சார்!" என்றான். "இல்லை. இரண்டு நாளும் நீ ஒரே மாதிரிதான் ஓடியிருக்கிறாய். ஆனால் இன்னொன்றையும் நீ ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 11.2 உன்னுடையது அல்ல. பாதி விசிலுடையது, பாதி காற்றுடையது. உன்னுடையது 11.6" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தான். கசப்பான மருந்துதான். விஞ்ஞானம் நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லித் தராது.

மறுநாளிலிருந்து காற்றெழாத விடியற்காலையில் ஓடிப் பழகினான். ஓட்டத்தைத் தொடங்க விசிலுடன் ஒரு வெள்ளைத் துண்டையும் வீசி இறக்கச் சொன்னோம். மூன்று கடிகாரம் பிடித்தோம். அடுத்த ஆண்டுப் பள்ளி விழாவிலும் அந்த ஆசிரியர்கள் இம்முறையையே பின்பற்றினார்கள். ஓட்டத்தைக் காற்றுக்குக் குறுக்கே, தெற்கு வடக்காக வைத்தார்கள். பையனின் நேரம் 11.4 வினாடி. அவன் வாழ்க்கையில் அதுவரை ஓடிய மிகச் சிறந்த ஓட்டம் அது. ஆனால் பலகையில் அவன் பெயருக்கு எதிரே 11.2 என்றிருந்ததால் அதைப் புதிய சாதனையாக யாரும் அறிவிக்கவில்லை. கைதட்டலும் சென்ற ஆண்டைவிடக் குறைவுதான்.

ஓட்டம் முடிந்து என்னிடம் வந்தவன் மூச்சு வாங்கியபடியே, "சார், இது முழுக்க என்னோடது" என்றான்.

செய்து பாருங்கள்

1. நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். சுழி இருக்கும் கீழ் முனைக்கு இருபுறமும் உங்கள் விரல்களைத் தொடாமல் வையுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் தாமதம் சுமார் 0.2 வினாடி. தடையின்றி விழும் பொருளுக்கான சமன்பாட்டைக் கொண்டு இதைச் சரிபாருங்கள்.

2. உங்கள் பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் ஓட்டம் ஒன்றுக்கு இருவர் கடிகாரம் பிடிக்கட்டும். ஒருவர் விசிலைக் கேட்டும், மற்றவர் வீசி இறக்கும் துண்டைப் பார்த்தும் அமுக்கட்டும். ஐந்து முறை செய்து வேறுபாட்டைக் குறித்து வாருங்கள். 0.29 வினாடிக்கு எவ்வளவு அருகில் வருகிறீர்கள்?

3. சிந்திக்க: எட்டு ஓடுபாதைகள் உள்ளன. ஒவ்வொன்றின் அகலமும் 1.22 மீட்டர். துப்பாக்கி வைத்திருப்பவர் முதல் பாதையின் அருகில் நிற்கிறார். எட்டாவது பாதையில் இருப்பவர், முதல் பாதையில் இருப்பவரைவிட எவ்வளவு நேரம் கழித்து ஒலியைக் கேட்பார்? இன்றைய பெரிய போட்டிகளில் ஒவ்வொருவர் பின்னாலும் ஓர் ஒலிபெருக்கி வைப்பது ஏன் என்று இப்போது சொல்லுங்கள்.